ரோட்டுக்கு அந்தப் பக்கம்

மேடையிலே அமர்ந்திருக்கிற ஊராட்சித் தலைவர் ராஜாங்கம் அவர்களே, நம் முதியோர் சங்கத்து நிர்வாகிகளே, இந்தக் காலை வெயிலிலும் வந்து உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, பெரியவர்களே! சங்கத்தின் துணைத் தலைவர் இருசப்பனின் வணக்கம். முட்டி வலிக்கிறது. மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டே பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அலுத்துப்போய்விட்டது, ஐயா! போன மாதம் இதே பந்தலில் இரங்கல் பேசினேன். இன்றைக்கும் பேசுகிறேன். மாலை வாங்கப் போனால் பூக்காரர், "இன்னைக்கு யாருங்க?" என்று கேட்கிறார். இன்றைக்கு எங்கள் சங்கத் தலைவர்! உப்பளத் தொழிலாளர்களின் தோழர் ஆதிமூலம் ஐயா!

உலகமெங்கும் வயதானவர்கள் பெருகிவிட்டார்கள் என்று பேப்பரில் போடுகிறான். ஜப்பானில் பெருகிவிட்டார்களாம். பெருகட்டும்! பெருகினவர்கள் எங்கே நிற்பது? ஆஸ்பத்திரி ரோட்டுக்கு அந்தப் பக்கம், ரேஷன் கடை அந்தப் பக்கம், பஸ் ஸ்டாப் அந்தப் பக்கம். நாம் மட்டும் இந்தப் பக்கம். நடுவிலே ஈசிஆர்! பாண்டிச்சேரிக்குப் பறக்கிறவன் நமக்காக பிரேக் போடுவானா? பிள்ளைகளைக் கேட்டதற்கு, "வயசான காலத்துல வூட்டுலயே இருங்க, எது வேணும்னாலும் நாங்க வாங்கியாறோம்" என்றார்கள். சொன்ன பிள்ளைகள் சென்னையில் இருக்கிறார்கள். தம்பி சித்தார்த்தன், தலைவரின் மகனே, உன்னைக் குத்திக்காட்டவில்லையப்பா. உன் பிழைப்பு அங்கே இருக்கிறது. அழாதே.

உப்பளத்தில் வேலைக்குக் கூப்பிடுவதை நிறுத்தின பிறகு தலைவர் வீட்டில் முடங்கினாரா? இல்லை! சிவப்புத் துண்டை எடுத்தார். "தனித்தனியா போனாத்தான் அடிப்பான். சேர்ந்து போவோம், வாங்க" என்றார். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்ளச் சொன்னார். நம்ம லூர்துமேரி அம்மா என்ன சொன்னாங்க? "ஐயே, நான் ஆம்பளைங்க கையெல்லாம் புடிக்க மாட்டேன்!" அப்படித்தான் உப்பு மூட்டை கட்டுகிற கயிறு வந்தது. முன்னால் தலைவர் துண்டைத் தூக்கிப் பிடிப்பார். பின்னால் நாமெல்லாம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போவோம். கடைசியில் இந்த நொண்டி இருசப்பன்.

ஒருநாள் ஒரு கார்க்காரன் தலையை நீட்டி, "யோவ் பெருசு, வூட்ல சொல்லிட்டு வந்துட்டியா?" என்று கத்தினான். தலைவர் நடுரோட்டில் நின்றார். "சொல்லிட்டுத்தாம்பா வந்தேன். வூட்டுக்காரியே பின்னாடி கயித்தைப் புடிச்சிக்கிட்டு வர்றா, பாரு!" என்றார். பாப்பாத்தி அம்மா வெட்கப்பட்டுச் சிரித்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கார்க்காரனும் சிரித்துவிட்டான்.

அப்படிப்பட்ட மனிதர் போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர், எழுந்திருக்கவே இல்லை. பக்கத்திலேயே இருந்த பாப்பாத்தி அம்மாவிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்களிடமும் சொல்லவில்லை. ஏன் தலைவரே, சொல்லாமலே போய்விட்டீர்களே!

அன்றிலிருந்து நம்மில் ஒருவரும் ரோட்டைக் கடக்கவில்லை. லூர்துமேரி அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை தீர்ந்துபோய்விட்டது. கால் வீங்கி உட்கார்ந்திருக்கிறார், பாருங்கள். இப்படியே விட்டால் அடுத்த மாலை யாருக்கு? பூக்காரருக்கு நான் என்ன பதில் சொல்வது?

தலைவரின் பணியைத் தொடர்வோம் என்று சபதம் எடுக்கச் சொல்கிறார்கள். போன மாதம் போனவருக்கும் இப்படித்தான் எடுத்தோம். எழுபது வயதில் முன்னால் நடக்க எனக்கு ஆசையா? சத்தியமாக இல்லை. வீட்டுக்குப் போய்ப் படுக்கத்தான் ஆசை. ஆனால் ஆஸ்பத்திரி பன்னிரண்டு மணிக்கு மூடிவிடும்.

பாப்பாத்தி அம்மா, அந்தத் துண்டை இப்படிக் கொடுங்க. நான் மெதுவாகத்தான் நடப்பேன், யாரும் தள்ளாதீங்க. ஹார்ன் அடிக்கிறவன் அடிக்கட்டும்! எல்லோரும் ஐயா படத்துக்கு முன்னால் வந்து ஒருதரம், "போயிட்டு வர்றோம்"னு சொல்லுங்க. நடுரோட்டில் எவனாவது "வூட்ல சொல்லிட்டு வந்துட்டியா"ன்னு கேட்டால், தலைவர்கிட்டயே சொல்லிட்டு வந்தோம்னு சத்தமா சொல்லணும். லூர்துமேரி அம்மா, எழுந்திரிங்க. கயித்தைப் புடிங்க.