ஸ்ரீதர் வண்டி

— வண்டிய அப்பறம் பாக்கலாம். மொதல்ல நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. ரெட் லைட் விழறது. நீ என்ன பண்ணுவே?

— நிப்பேன்ம்மா.

— எப்படி நிப்பே?

— எப்படின்னா? பிரேக்கப் போட்டுத்தான்.

— போச்சு போ. பின்னாடி யார் பாப்பா? இது டெல்லிப்பா. நீ நிப்பேன்னு பின்னாடி வர பஸ்காரன் சொப்பனத்துலகூட நெனைக்க மாட்டான். கண்ணாடியப் பாக்கணும், ஓரம் ஒதுங்கணும், அப்பறந்தான் நிக்கணும். சிக்னலுக்கு ஒழுங்கா நின்னவா மேல பஸ் ஏறியிருக்கு, தெரியுமோ?

— வண்டி கேட்டு வாரவுக எல்லாருக்கும் இப்படித்தான் பரீட்ச வைக்கீகளா?

— எல்லாருக்குந்தான். புனேல என் பொண்ணு ரோஹிணி போன்ல சிரிக்கறா, "வண்டி விக்கறியா, மாப்பிள்ளை தேடறியா"ன்னு. சொல்லிட்டுப் போகட்டும். உன் பேர் என்ன சொன்னே?

— ஜோதிலிங்கம். விளாத்திகுளம் பக்கம். போன ஆவணிலதான் இங்க வேலைல சேந்தேன். கிருஷி பவன்ல கிளார்க்கு. ரூம் உத்தம் நகர்ல.

— விளாத்திகுளமா?

— ஆமாம்மா. உங்களுக்குத் தெரியுமா?

— காப்பி ஆறறது, குடி. போன வாரம் ஜம்புன்னு ஒரு பையன் வந்தான். ஏர்ஃபோர்ஸ், ஜம்முனு இருந்தான். ஹெல்மெட்டத் தலைல போடாம முழங்கைல மாட்டிண்டு வந்தான். ஏன்டாப்பான்னு கேட்டா, "சௌக் முனைல போலீஸ் நின்னா மாட்டிப்பேன் ஆன்ட்டி"ங்கறான். நீ போய்ட்டு வாப்பான்னு அனுப்பிச்சுட்டேன்.

— எங்க ஊருல ஹெல்மெட்டுப் போட்டா சின்னப் புள்ளைக பின்னாடியே ஓடி வரும்மா, வேற்றுக்கிரகத்து ஆளு வந்துட்டான்னு.

— அது சரி, நீ போடுவியா மாட்டியா?

— போடுவேன். வாரையும் இறுக்கிப் போடுவேன். சும்மா தலைல கவுத்தி வச்சா பானைய வச்ச மாதிரிதான், விழுந்தா அது ஒரு பக்கம், நாம ஒரு பக்கம்.

— அச்சா. தேவலையே. இதச் சொன்ன மொத ஆள் நீதான். சரி, ஜனவரி மாசம். காலம்பற. பனிமூட்டம். கைய நீட்டினா கை தெரியல. ஆபீஸ் போகணும். என்ன பண்ணுவே?

— வண்டிய எடுக்கவே மாட்டேன்.

— லீவு இல்லைன்னா?

— பஸ்சு வந்தா பஸ்சு. வரலன்னா ஆபீசருட்ட திட்டு வாங்கிக்கிடுவேன். திட்டுனா ஒண்ணும் உசுரு போயிராதுல்லா.

— நெய்வேலிக்காரன் ஒருத்தன் என்ன சொன்னான் தெரியுமோ? "முன்னாடி போற லாரியோட செவப்பு லைட்டப் புடிச்சுண்டே போயிடுவேன்"னான். அந்த லாரி நின்னுண்டிருந்தா என்னடா பண்ணுவேன்னேன். அவனையும் அனுப்பிச்சுட்டேன். அவன் ஊர்ல பனின்னா மார்கழி கோலம்தான். இங்க பனி ஆள முழுங்கும். யாரோ பெல் அடிக்கறா, இரு. — நஹி பையா, ஆஜ் கோபி நஹி சாஹியே! — காய்க்காரன், கோஸ் வேணுமான்னு கேக்கறான். ஒரு முட்டைக்கோஸ் வாங்கினா வாரம் பூரா நான் ஒருத்தியே தின்னணும். அவனுக்கு எங்க தெரியப் போறது.

— நீங்க மட்டுமாம்மா இங்க?

— அவர் போயி ஆறு வருஷம் ஆச்சு. பாங்க்லேர்ந்து நானும் ரிடையர் ஆயிட்டேன். ஸ்ரீதர் இருந்தான். இப்ப இந்த வண்டி இருக்கு. தினம் கீழ போய்த் தொடைப்பேன். கீழ் வீட்டு பஞ்சாபிக்காரி, பித்துப் பிடிச்சுடுத்து இவளுக்குன்னு பேசிக்கறா.

— ஸ்ரீதருங்கது...

— என் பிள்ளை. அவன் வண்டிதான் இது. இந்த ரிங் ரோட்ல காலேஜ் நாள்லேர்ந்து ஓட்டினான். ஒரு கீறல் விழுந்ததில்ல. அவன் வர வரைக்கும் பால்கனில நிப்பேன். "ஏம்மா பயப்படறே, இங்க எல்லாரும் என்னைக் கொல்லத்தான் வரான்னு நெனைச்சுண்டே ஓட்டறேன், எனக்கு ஒண்ணும் ஆகாது"ம்பான். அப்பறம் பாங்க்ல ஆபீசர் போஸ்ட் கெடைச்சு, உங்க ஊர்ப் பக்கம், அருப்புக்கோட்டை கிட்ட போட்டா. இந்த வண்டிய இங்கயே விட்டுட்டு, அங்க ஒரு பழைய வண்டி வாங்கிண்டான். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அப்பாடா, டெல்லி ரோட்லேர்ந்து பிள்ள தப்பிச்சான்னு பிள்ளையாருக்கு நூத்தியெட்டுத் தேங்கா ஒடைச்சேன்.

— எங்கம்மா நேரெதிரு. டெல்லி ரோடுன்னா எமன் வாசல்னு எவனோ சொல்லிருக்கான். எஸ்டிடி பூத்துலருந்து எப்பப் பேசுனாலும் மொதக் கேள்வி, "ரோட்டத் தாண்டுதப்ப ரெண்டு பக்கமும் பாக்கியா?"

— பாவம். எல்லா அம்மாவும் தன் கண்ணுக்குத் தெரியாத ரோட்டுக்குத்தான் பயப்படுவா. சரி, கடைசிக் கேள்வி. தை மாசம். உங்க ஊர்ப் பக்கம். ரோடு காலியா கெடக்கு, ஈ காக்கா இல்ல. எதுத்தாப்ல ரோடு முழுக்க உளுந்தஞ்செடியப் பரத்திப் போட்டிருக்கா. நீ வேகமா வரே. என்ன பண்ணுவே?

— பிரேக்கத் தொட மாட்டேன்.

— தொட மாட்டியா?

— தொடவே கூடாதும்மா. செடிக்கு மேல பிரேக்கப் புடிச்சா எண்ணெயில கால வச்ச மாதிரி வழுக்கிரும். அதுக்கு முந்தியே வேகத்தக் கொறச்சிரணும். செடில ஏறிட்டா ஆக்சிலேட்டர விட்டுட்டு, ஹேண்டில நேராப் புடிச்சு, மெதுவாப் போயிரணும். ஊருல சின்னப் புள்ளைக்கும் தெரியும். பஸ்சு லாரியெல்லாம் ஏறுனாத்தான உளுந்து உதிரும். அதுக்குத்தான போடுதது.

— அவனுக்குத் தெரியலையே! டெல்லிப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? எதாவது குறுக்க வந்தா சட்டுனு பிரேக்கப் புடின்னுதான் இந்த ஊர் கத்துக் குடுத்தது. அதுதான் அவன இத்தன வருஷம் காப்பாத்தித்து. அங்க போய் அதே பிரேக்கப் புடிச்சான். ஒரு வண்டி கிடையாது, ஒரு ஆள் கிடையாது. காலி ரோட்ல, உளுந்தஞ்செடில... ஹெல்மெட்டும் போடல. ஊர்ல எல்லாரும் சிரிச்சான்னு கழட்டி வச்சுட்டானாம்.

— அய்யோ, அம்மா...

— நான் ஒண்ணு கேக்கறேன். ரோடுன்னா என்ன உங்களோட களமா? ஒருத்தன் வருவான், போவான்னு தோணாதா? எப்படி மனசு வரது போடறதுக்கு?

— களம் இருந்தா ஏம்மா ரோட்டுல போடப் போறோம்? களம் வச்சிருக்கவுக எங்களுக்கு எடம் தர மாட்டாக. எங்கம்மா வெயில்ல நின்னு, வார வண்டிக்கெல்லாம் கையக் காட்டுவா. "பிரேக்கப் புடிக்காதய்யா, நேராப் போ"ன்னு தொண்ட கிழியக் கத்துவா. எல்லாரும் கத்த மாட்டாக. அது தப்புதான். நான் இல்லன்னு சொல்லல.

— இருப்பா, கண்ணத் தொடைச்சுக்கறேன்.

— நான் கெளம்புதேன்ம்மா. உங்கள அழ வச்சுட்டேன்.

— உக்காரு. உக்காருன்னா உக்காரு. உன்ன எதுக்குத் திட்டறேன். திட்டறதுக்கு இந்த வீட்ல வேற யார் இருக்கா? ரோஹிணிகிட்ட இதெல்லாம் பேசினா, "போறும்மா, வண்டிய வித்துட்டு இங்க வந்துடு"ங்கறா. விக்கறதப் பத்தி ஒண்ணும் இல்ல. இந்த வண்டில ஏறிண்டு போற பிள்ளை சாயங்காலம் ஆத்துக்குத் திரும்பி வரணும். இன்னொருத்தி பால்கனில நிக்கப்படாது. அவ்வளவுதான் எனக்கு.

— புரியுதும்மா.

— நீ திரும்பி வருவே. எனக்குத் தோணறது. ரெட் லைட்ல மட்டும் பின்னாடி பாத்துக்கோ. இந்தா சாவி. விலையெல்லாம் அப்பறம் பேசிக்கலாம். உத்தம் நகர் பக்கந்தானே, கீழ போய் எடு. நான் இங்கேர்ந்து பாக்கறேன்.

— அம்மா... நான் ஒண்ணு சொல்லணும்.

— சொல்லேன்.

— எனக்கு பைக்கு ஓட்டத் தெரியாது.

— என்னது?

— சைக்கிள்தான் தெரியும். தப்பா நெனைக்காதீக. ஆபீசுலயும் ரூம்லயும் வாரம் பூரா இந்திதான். காதுல தமிழ் விழட்டும்னு இங்க நம்ம தமிழாளுக கோயிலுக்குப் போனேன். போர்டுல வண்டி விக்குதுன்னு உங்க காகிதம் மட்டும் தமிழ்ல, கையெழுத்துல இருந்துச்சு. வீட்டு விலாசமும் இருந்துச்சு. வண்டி பாக்க வந்தேன்னு சொன்னா உள்ள கூப்பிடுவாக, கொஞ்ச நேரம் பேசிக்கிட்டு இருந்துட்டு, யோசிச்சுச் சொல்லுதேன்னு வந்திரலாம்னு நெனச்சேன். நீங்க கேள்வி கேட்டீக. தெரிஞ்சதச் சொன்னேன், ஒண்ணும் பொய் இல்ல. மன்னிச்சிருங்கம்மா. சாவியப் புடிங்க.

— சாவி உன்கிட்டயே இருக்கட்டும். இதுவரைக்கும் வந்தவா எல்லாருக்கும் நன்னா ஓட்டத் தெரிஞ்சுது, ஸ்ரீதர் மாதிரியே. நீ வண்டியத் தள்ளிண்டே போ, மெதுவாக் கத்துக்கலாம்.