பாக்கியம் வாயைக் கட்டாதவள் அல்ல

மழைத் தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. ஓடுகிறோம். தாராவியில் எங்கள் சந்தில் இரண்டு பேர் உரசாமல் நடக்க முடியாது. இப்போது மொத்தச் சந்தும் ஓடுகிறது. கூரைத் தகரம் மடார் மடார் என்று அடிக்கிறது. மிதக்கும் சிலிண்டர் ஒன்று சுவரில் முட்டுகிறது. ணங். ணங்.

"கரண்ட்ட அணைங்க! கம்பியத் தொடாதீங்க!" மாடியிலிருந்து கத்துகிறார்கள்.

அக்கா பாக்கியம் வாசலில் நிற்கிறாள். செருப்பைத் தேடுகிறாள். அவளுக்கும் சுகர், எனக்கும் சுகர். அவள் பாதம் மரத்துப்போய் வெகுநாள் ஆகிறது. வெறுங்காலோடு நடக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"வீடே போவுது, ஒனக்குச் செருப்பு கேக்கா? வாட்டி மேல!" அத்தான் இழுக்கிறார். அவர் காலில் முட்டிவரை ரப்பர் பூட்ஸ்.

மாடியில் போய்த்தான் பார்த்தேன். அவள் நின்ற இடமெல்லாம் ரத்தம். தகரத் துண்டு ஒன்று உள்ளங்காலில் செருகி நிற்கிறது. அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். வலித்தால்தானே.

"சின்னக் காயம்" என்றார் அத்தான். மஞ்சள் வைத்துக் கட்டினார். டாக்டராகிவிட்டார்.

இன்சுலினைப் பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில் வைக்க விடாதவரும் இவர்தான். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் நேரத்தில் ஊருக்குத் தெரியக் கூடாதாம். அதனால் ஊசி வீட்டுக்கே வரவில்லை. மாத்திரையையும் அவள் பாதி நாள் விழுங்கவில்லை. விழுங்கினால் சாப்பிட வேண்டும். தண்ணீர் குடிக்க வேண்டும். குடித்தால் பொதுக் கக்கூஸ் வரிசையில் நிற்க வேண்டும். அங்கே கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது.

செம்பூரிலிருந்து சித்தப்பா வந்தார். அவர் காலனியில் பார்க் உண்டு, வாட்ச்மேன் உண்டு. காலைத் தூக்கி நாற்காலியில் வைத்திருந்தவளிடம் உபதேசம் செய்தார்.

"தெனம் வாக்கிங் போகணும்மா. எல்லாம் மனக்கட்டுப்பாடுதான்."

"எங்க போய் நடக்கச் சொல்லுதிய சித்தப்பா? கட்டர் சாக்கடை மேலயா?" என்றேன். அவர் டீயை முடித்துவிட்டுக் கிளம்பினார். சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீ.

கால் கறுத்தது. நாற்றம் வந்தது. நாற்றம் தாங்காமல்தான் அத்தான் ஆஸ்பத்திரிக்குச் சம்மதித்தார். அக்கறையால் அல்ல. விரல்களை எடுத்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். பிறகு காய்ச்சல். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ ஊசியப் போடு. எவன் என்ன சொன்னாலும் போடு" என்றாள். விடிவதற்குள் கை ஜில்லிட்டுவிட்டது.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் அத்தான் சொல்கிறார்: "வாயக் கட்டல. அவ்வளவுதான்."

எல்லோரும் தலையாட்டுகிறார்கள். நான் எழுந்து சொன்னேன், அத்தனை பேர் முன்னாலும்: "அவ வாயக் கட்டுனா அத்தான். தண்ணி கூடக் குடிக்காமக் கட்டுனா." யாரும் தலையாட்டவில்லை.

போனவை இவை. இரண்டு விரல். ஒரு கால். ஒரு அக்கா. அவள் மகளுக்குத் தாய். எனக்கு, ஊசியைப் போடு என்று சொல்ல இருந்த ஒரே ஆள்.

அத்தானுக்குச் சேதம் எதுவும் இல்லை.