ஒன்பது பவுண்டு பாராட்டு

வீட்டிலேயே குழாயைத் திறந்தால் பீர் வரும் என்பது எவ்வளவு சுகமோ அவ்வளவு தொல்லை. வீட்டில் பீர் காய்ச்சுவோர் சங்கத்தின் விசாரணைக் குழுவினரான உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் ஒவ்வொருவர் கராஜிலும் பீப்பாயும் குழாயும் வைத்த ஒரு ஃபிரிட்ஜ் நிற்கிறது. பாட்டில் என்றால் காலி பாட்டில் காட்டிக்கொடுக்கும். குழாய் காட்டிக்கொடுக்காது. அரை கிளாஸ், கால் கிளாஸ், சும்மா நுரை மட்டும் என்று கை தானாகப் போகும். அதனால்தான் என் பீப்பாய்க்கு அடியில் ஒரு தராசு வைத்தேன். எவ்வளவு இறங்கியது என்று போனிலேயே காட்டும். குழாய்க்கு ஒரு சின்னப் பூட்டும் போட்டேன். நான் கட்டுப்பாடான ஆள்.

கார்லா ஸீமர் உங்களுக்கு எழுதிய புகாரின் நகல் கிடைத்தது. கோபத்தில் எழுதியிருக்கிறார், அதனால் முன்பின்னாக இருக்கிறது. நான் வரிசையாகச் சொல்கிறேன்.

மூன்று வருடமாக நம் போட்டியில் எனக்கு ஐம்பதுக்கு இருபத்தேழுதான். ஏன் என்று ஒருவரும் சொன்னதில்லை. நம் ஊர் ஷிபாய்கனில் ஒரு வீட்டில் கொடுத்ததைக் குறை சொல்லும் வழக்கம் கிடையாது. என் மச்சான் ஒரு மடக்கு குடித்துவிட்டு, "வித்தியாசமா இருக்கே மாப்ள" என்பார். மீதியைச் செடிக்கு ஊற்றுவார். நடுவர்களான நீங்களும் "நல்ல முயற்சி" என்று எழுதி அனுப்புவீர்கள்.

பக்கத்து வீட்டு எமில் வேறு மாதிரி. அவர் கார்லாவின் அப்பா. மில்வாக்கியில் ஒரு பீர் ஆலையில் முப்பது வருடம் ருசி பார்த்தே சம்பளம் வாங்கியவர். அப்படிப்பட்ட நாக்கு ஆறு வருடமாகச் சும்மா கிடந்தது. குடியை விட்டுவிட்டார், செவ்வாய்க்கிழமை தோறும் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் குடியை விட்டவர்களுக்கென்று ஒரு கூட்டம், அதற்குத் தவறாமல் போவார். பேத்தி லோட்டியை ஸ்கேட்டிங் அரங்கத்தில் விட்டுக் கூட்டிவருவது அவர் வேலை. ஒரு சொட்டு உள்ளே போனாலும் பேத்தியைக் கண்ணில் காட்ட மாட்டேன் என்று கார்லா சொல்லியிருந்தார். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாது என்று நான் எங்கும் சொல்லவில்லை.

முதலில் மோந்து பார்க்க மட்டும்தான் கேட்டேன். கிளாஸை மூக்கருகே கொண்டுபோனவர் சிரித்துவிட்டார்.

"யோவ் வெர்லின், இது பீரா, பாப்கார்னுக்கு ஊத்துற வெண்ணெயா? ரெண்டு நாள் பொறுத்திருந்தா யீஸ்ட்டே அந்த வெண்ணெ வாடையத் தின்னு தீத்திருக்கும். உனக்கு எல்லாத்துலயும் அவசரம்."

மூன்று வருடத்தில் ஒருவர் என் பீரைப் பற்றி என்னிடம் உண்மை பேசியது அன்றுதான். அடுத்த முறை முப்பத்தைந்து வாங்கினேன். பிறகு வாயில் வைத்துத் துப்பச் சொன்னேன். துப்பினார். நாற்பது வந்தது. அதற்கு மேல் அவர் சம்மதிக்கவில்லை.

"கசப்பு முழுங்குனாதான்யா தெரியும். அத நான் செய்ய மாட்டேன். என்ன விட்டுரு."

அன்றைக்கு விட்டுவிட்டேன்.

ஜனவரியில் நானும் மனைவி ஆர்லிஸும் மூன்று வாரம் அரிசோனா போனோம். தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்காமல் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டில் சாவி கொடுப்பது நம் ஊரில் எல்லோரும் செய்வதுதான். எமிலிடம் கொடுத்தேன். அவர் தினம் பார்க்க வேண்டிய சூடேற்றும் இயந்திரம் கராஜின் கோடியில், ஃபிரிட்ஜைத் தாண்டி இருக்கிறது. கிளம்பும்போது புதுப் பீப்பாயை மாட்டிவிட்டுப் பூட்டைக் கழற்றினேன். குளிரில் இறுகிவிடுமே என்றுதான். கழுவிய கிளாஸ் ஒன்றைப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தேன்.

நான்கு நாள் தராசு அசையவில்லை. எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. ஐந்தாம் நாள் இரண்டு அவுன்ஸ். ஆறாம் நாள் ஒரு பவுண்டு, அதாவது ஒரு பெரிய கிளாஸ். எட்டாம் நாள் ஒரே நாளில் ஒன்பது பவுண்டு.

"அந்த போன்ல அப்படி என்னதான் இருக்கு?" என்றாள் ஆர்லிஸ். "பேரன் பொறந்த மாதிரி சிரிக்கிற."

மரியாதைக்காக யாரும் ஒன்பது பவுண்டு குடிக்க மாட்டார்கள். எந்த நடுவரும் எனக்கு அவ்வளவு தெளிவாக எழுதியதில்லை.

பன்னிரண்டாம் நாள் பீப்பாய் காலி. எமிலைப் போனில் அழைத்து, "காலி ஆயிருச்சு போலிருக்கே" என்றேன்.

"கார்லாட்ட சொல்லிராதய்யா," என்றார். "இந்தச் சாவிய யாரையாவது வந்து வாங்கிக்கச் சொல்லு. உன் மச்சான் வரட்டும். இனி நான் அந்தப் பக்கம் வரல."

"அதெல்லாம் எதுக்கு? கசப்பு எப்படி?"

"ருசியெல்லாம் யாருய்யா பாத்தா? சாவிய வாங்கிக்கய்யா."

அந்தப் பதில் எனக்கு வருத்தமாக இருந்தது. கசப்புக்கு வேறு வகை ஹாப்ஸ் பூ போட்ட இரண்டாவது பீப்பாய் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் இருந்தது, ஒப்பிட்டால்தானே தெரியும். காலியை இறக்கிவிட்டு அதைத் தராசில் ஏற்றிக் குழாயை எப்படி மாற்றுவது என்று சொல்லிக்கொடுத்தேன். முப்பது வருடம் ஆலையில் இருந்தவருக்கு அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

பதினாறாம் நாள் லோட்டி ஸ்கேட்டிங் அரங்கத்துக்கு வெளியே பனியில் ஒன்றரை மணி நேரம் நின்றாள். எட்டு வயதுக் குழந்தை. குளிரில் உறைந்துபோன இரண்டு விரல் நுனிகளைக் காப்பாற்ற முடியவில்லை. கார்லா தேடிவந்தபோது எமில் என் கராஜ் தரையில் நினைவில்லாமல் கிடந்தார். இப்போது குடிநோய் சிகிச்சை இல்லத்தில் இருக்கிறார். பேத்தியைப் பார்க்க அனுமதி இல்லை. அதற்காக வருந்துகிறேன் என்று கார்லாவுக்கு அட்டை ஒன்று அனுப்பினேன்.

ஆகவே புகாரில் உள்ளது உண்மை. பூட்டைக் கழற்றியது நான். சாவியைத் திரும்ப வாங்காதது நான். இரண்டாவது பீப்பாயைச் சொன்னதும் நான். கார்லாவின் எண் என் போனில் இருந்தது. அழைத்திருந்தால் சோதனை பாதியில் நின்றிருக்கும்.

முதல் பீப்பாய் தீர ஏழு நாளுக்கு மேல் ஆனது. இரண்டாவதில் நான்கே நாளில் முப்பது பவுண்டு இறங்கியிருந்தது. அதனால் போட்டிக்கு இரண்டாவதையே அனுப்பியிருக்கிறேன். வேண்டுமானால் என் பெயரை நீக்கிவிடுங்கள். பீரை மட்டும் நீக்கிவிடாதீர்கள். எமில் அதற்காக எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்.