பல்லுக்கு தீபாவளி லீவு

"பல்லை டிரங்குப் பெட்டியில வெச்சுப் பூட்டிட்டு வந்துட்டேன்பா" என்று முன்சீட்டுப் பெரியவர் சொன்னதும் என் தூக்கம் போய்விட்டது. தீபாவளியன்று காலை, பெரிய காஞ்சிபுரத்திலிருந்து ஓரிக்கை போகும் பஸ். கூட இருந்தவர் இளையவர். இருவரும் தறி நெய்பவர்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"எந்தப் பல்லைண்ணே?"

"போன மாசம் கட்டிக்கினு வந்தேனே, அந்த செட்டுதான். முறுக்கு, தட்டையெல்லாம் கடிச்சா தாங்குமா? பண்டிகை முடியிற வரைக்கும் அதுக்கு லீவு."

"அப்ப சம்பந்தி வீட்டுல இன்னாத்த துன்னுவே?"

"எதுவா இருந்தாலும் காப்பியில ஊற வெச்சு முழுங்கிடுவேன்."

"துன்றதுக்கு இல்லாம பல்லு எதுக்குண்ணே கட்டினே?"

"தறியில குந்தினா இழையக் கடிச்சு அறுக்க வேணாமா? வெறும் ஈறுக்கு பட்டு அறுமாபா?"



"அண்ணி ஏன் வரல?"

"கால் வலியாம். நீ போய்ட்டு வா, முறுக்கு டின்னு மட்டும் இங்கியே இருக்கட்டும்னுது."

"அண்ணிக்கும்தான் பல்லு இல்லியே. டின்ன வெச்சுக்கினு இன்னா பண்ணும்?"

பெரியவர் சீட்டில் சாய்ந்திருந்த வாழைத்தாரை நிமிர்த்தி வைத்தார்.

"பெட்டி சாவி எங்கண்ணே?"

"அவ இடுப்புலதான்..."

சொன்ன வேகத்தில் எழுந்து நின்று, "கண்டக்டரே, வண்டிய நிறுத்துப்பா!" என்று கத்தினார். சம்பந்தி வீட்டுக்கு வாங்கிய வாழைத்தாரை சீட்டிலேயே போட்டுவிட்டு இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்த வழியே ஓடினார்.