தங்க ஒரு அறை

கல்குடா பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். அறுபது தாண்டியவர்கள்.

“ஹோட்டல் குசினியில சமைக்கிற வேலைக்குச் சம்பளம் எவ்வளவு எண்டு நான் கேக்கவே இல்லகா. தங்க ஒரு அறை தருவீங்களா எண்டுதான் கேட்டன்,” என்றாள் மடியில் பை வைத்திருந்தவள்.

“குவைத்துல உழைச்சி ரெண்டு வீடு கட்டினாய்தானே?”

“ரெண்டையும் மகள்மாருக்குச் சீதனமாக் குடுத்திட்டன்.”

“எல்லாரும் குடுக்கிறதுதானேகா. நானும் குடுத்திட்டு மகளோடதானே இருக்கன்.”

“நீ கூட இருந்து வளர்த்தாய். நான் காசு அனுப்பி வளர்த்தன்.”

கும்புறுமூலைச் சந்தியில் பஸ் நின்று புறப்பட்டது. பைக்காரி தொடர்ந்தாள்:

“மூத்தவள் நல்ல பிள்ளைதான். போனா கதிர போட்டு இருத்தி, சோடா உடைச்சித் தருவாள். குசினிப் பக்கம் எழும்பினா மட்டும், ‘நீங்க இரிங்கம்மா’ எண்டுவாள்.”