பதினோரு தாழிகளின் குறி

என் கையெழுத்து அச்சுப்போல இருக்கும் என்பார்கள். ஸ்டேஷன் ரைட்டர் ஐயாவுக்குச் சிரமம் வேண்டாமென்று நானே எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

பெயர் வீரபாகு. இராசிபுரத்தில் டிராயிங் வாத்தியார். சுவாமிநாதனை எனக்கு ஏழு வருஷமாகத் தெரியும். பழைய நாகரிகங்களைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னால் பம்பாயிலும் லண்டனிலும் அதை எடுத்து எழுதுவார்கள். நம் பக்கத்தில் பிணங்களைத் தாழியில் இட்டுப் புதைத்தவர்கள் அலைந்து திரிந்த கூட்டத்தார், இங்கே நிலைத்து வாழவில்லை என்று அவர் சொன்னார். அதுவே பாடப்புத்தகத்திலும் ஏறியது. நானும் பிள்ளைகளுக்கு அதையேதான் சொன்னேன்.

1932இல் நாமகிரிப்பேட்டைக்குக் கிழக்கே ஒரு மேட்டைத் தோண்ட வந்தவர், தாழிகளை வரைய என்னைக் கூப்பிட்டார். பள்ளிக்கூட விடுமுறையெல்லாம் அந்த மேட்டிலேயே கழிந்தது. என் மகனுக்கு அம்மை வார்த்திருந்தபோதும் அங்கேதான் இருந்தேன். அவர் என் தோளில் கைபோட்டு, "இது நம் வேலை" என்பார். ஒருநாளும் "என் வேலை" என்று சொன்னதில்லை.

மண் அள்ளிய பெண்களில் செல்லாயி என்று ஒருத்தி. எந்த ஓடு கிடைத்தாலும் விரலால் தடவிப் பார்ப்பாள். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க வாத்தியாரே, மேல கெடந்த தாழீல இருந்த அதே கோடு இந்த அடித் தாழீலயும் இருக்குதுங்க. ஒரே ஊட்டுக்காரங்க போட்டாப்பல."

விளிம்புக்குக் கீழே மூன்று கோடு, குறுக்கே ஒன்று. தேடியதில் பதினோரு தாழிகளில் அந்தக் குறி இருந்தது. அடியில் கிடந்ததற்கும் மேலே கிடந்ததற்கும் நடுவில் பல தலைமுறை. அலைகிற கூட்டம் அப்படிச் செய்யாது. இவர்கள் இந்த மண்ணிலேயே ஊன்றி வாழ்ந்தவர்கள். இரண்டு வருஷம் உட்கார்ந்து நாற்பது பக்கம் எழுதினேன். நான் கண்டுபிடித்ததாகத்தான் எழுதினேன். கூலிக்காரியின் பெயரை ஆராய்ச்சிக் கட்டுரையில் போடும் வழக்கமில்லை.

சுவாமிநாதன் வாங்கிப் படித்துவிட்டு, "சும்மா கீறல். இதை விட்டுவிடும்" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

மறுவருஷம் அவருடைய புத்தகம் வந்தது. ஐந்தாம் அத்தியாயம் என் நாற்பது பக்கம். தம் கருத்தைத் தாமே மறுத்துக்கொண்ட பெருந்தன்மை என்று பத்திரிகைகள் புகழ்ந்தன. முன்னுரையில் ஒரு வரி: படங்கள் வரைய உள்ளூர் ஆசிரியர் ஒருவர் உதவினார்.

நேரில் கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"வீரபாகு, இதையே நீர் சொல்லியிருந்தால் யார் கேட்டிருப்பார்? நான் சொன்னதால்தான் சரித்திரமாயிற்று. உண்மை வெளியே வந்துவிட்டதே, போதாதா?"

தோளில் கைபோட்டுக்கொண்டுதான் சொன்னார். யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. அவர் இருக்கும்வரை என் பேச்சு எங்கும் எடுபடாது.

போன கார்த்திகையில் ஒரு வாரம் விடாமல் மழை. பன்னிரண்டடிக் குழியின் மண்சுவர் ஊறிக் கிடந்தது. சுவருக்குப் பனங்கட்டை முட்டுக்கொடுத்தவன் நான்தான். எதை எடுத்தால் எது சரியும் என்று எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை மதியம் ஆட்கள் கஞ்சி குடிக்கப் போயிருந்தார்கள். இரண்டு கட்டைகளைத் தளர்த்தினேன். மூன்றாவதில் கயிறு கட்டி, நுனியை மேலே கொண்டுவந்தேன். பிறகு அவருடைய கூடாரத்துக்குப் போய், "அடியில் எழுத்துள்ள ஓடு ஒன்று தெரிகிறது ஐயா" என்றேன். செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிவந்து இறங்கினார்.

அவர் குனிந்து தேடிக்கொண்டிருந்தபோது செல்லாயி வந்துவிட்டாள்.

"ஐயா, செவுரு பொதபொதன்னு கெடக்குதுங்க. மேல வந்துருங்க சாமி."

அவர் நிமிரவில்லை. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்களாச்சும் சொல்லப்படாதுங்களா?"

கையைப் பிடித்துக் கூட்டிவருகிறேன் என்று சொல்லி அவளே ஏணியில் இறங்கினாள். பதினான்கு படி. அவள் இறங்கி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருப்பாள். ஆனால் ஏனென்று கேட்பாள், அது அவர் காதிலும் விழும். கயிற்றை இழுத்தேன். சுவர் மொத்தமாக உள்ளே சரிந்தது.

பொழுது சாயும்வரை எல்லோருமாக மண்ணை அள்ளினோம். நானும் அள்ளினேன். அவள் புருஷன் மாதையன் மண்வெட்டி பட்டுவிடும் என்று வெறுங்கையாலேயே பறித்தான்.

இன்ஸ்பெக்டர் ஐயா, இரண்டு கொலை என்று எழுதச் சொல்கிறீர்கள். நான் படித்தவன், நடக்காததை எழுதமாட்டேன். சுவாமிநாதனைக் கொன்றது நான். அடுத்தவன் கண்டதைத் தன் பெயரில் போட்டுக்கொண்டவர் அவர். அந்தப் பெண் என்னிடமிருந்து எதையும் எடுத்ததில்லை. அவளைக் கொல்ல எனக்கு என்ன காரணம் இருக்கிறது? அவள் செத்தது விபத்து.