நாற்பத்தோராவது பெயர்

கலாராணி: நாப்பத்தொரு பேர் போட்டோம். நாப்பதுதான் வந்திருக்கு. ஒரு ஆள எங்க தம்பி முழுங்கின?

பிரதீஸ்: நான் இல்லக்கா, கம்ப்யூட்டர். திரும்ப எண்ணுங்க.

கலாராணி: மூணு தரம் எண்ணிட்டேன். பன்னெண்டு மணிக்கு லிஸ்ட் பிலிமத்தலாவை அச்சகத்துல இருக்கணும்னு சேர் சொன்னாரு. அதுல இல்லாத ஆளுக்கு கோர்ஸ் சர்டிபிகேட் இல்ல. என்னதான் எழுதின நீ?

பிரதீஸ்: ரீஜெக்ஸ்க்கா. ஒரு சல்லடை மாதிரி. முதல் சொல்லு அப்பா பேரு, ரெண்டாவது சொந்தப் பேரு. அப்பா பேர்ல முதல் எழுத்தப் பிடுங்கி, புள்ளி வச்சு, சொந்தப் பேரோட ஒட்டும். அழகர் சுதேஷ்... அ. சுதேஷ்.

கலாராணி: அப்ப மோகனராஜ் கிருஷாந்தி ஏன் ‘ம. கிருஷாந்தி’? ‘மோ’ எங்க?

பிரதீஸ்: ஐயோ... இதுக்கு ‘ம’ தனி, முன்னுக்கு நிக்கிற கொம்பும் பின்னுக்கு நிக்கிற அரவும் தனி. ‘ம’வ மட்டும் எடுத்துட்டு மத்தத வீசிடுச்சு.

கலாராணி: நல்ல சல்லடை! நீயும் ‘ஞ. பிரதீஸ்’ஆ நிக்கிற. அப்பா ஞானசேகரமா?

பிரதீஸ்: ...அத விடுங்க. அரவெல்லாம் சேர்த்தாச்சு. ஆனா இன்னும் நாப்பதுதான்... ஆ! ரெண்டு சொல்லு இருந்தாத்தான் பிடிக்கும். யாரோ ஒத்தச் சொல்லா எழுதியிருக்காங்க, விழுந்துடுச்சு. எல்லாரும் நிரப்பிக் குடுத்த ஃபோம்கள எடுங்க.

கலாராணி: ...வேணாம். நாப்பதே போகட்டும்.

பிரதீஸ்: என்னக்கா, இப்பதானே குதிச்சீங்க! யாரு அது?

கலாராணி: திங்கக்கிழம கம்பளைக்கு இன்டர்வியூவுக்குப் போற ஆளு.

பிரதீஸ்: அது... நீங்கதானே? சர்டிபிகேட் இல்லாம போய் என்ன செய்வீங்க? ஏன் வெறும் ‘கலாராணி’ன்னு...

கலாராணி: பர்த் சர்டிபிகேட்டுல அப்பா பேர் இருக்கிற எடத்துல ஒரு கோடுதான் தம்பி. என்னத்த எழுத?

பிரதீஸ்: ஒரு நிமிசம் இருங்கக்கா.

கலாராணி: என்ன தட்டுற?

பிரதீஸ்: கேள்விக்குறி.

கலாராணி: நீயுமா கேள்வி கேக்கிற?

பிரதீஸ்: இல்லக்கா. இதுல கேள்விக்குறி போட்டா, இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரின்னு அர்த்தம். பாருங்க... நாப்பத்தொண்ணு. கலாராணி.

கலாராணி: வெறும் பேரா நிக்குதே... உனக்கென்ன, முன்னுக்கு அப்பா எழுத்து இருக்கு.

பிரதீஸ்: அந்த ‘ஞா’ ஞானசேகரம் இல்லக்கா... ஞானேஸ்வரி. எங்க அம்மா.